சிமுலேட்டருக்குள் மணி என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/116ஆம் எண் விதி வைத்த கெடு, 2025 டிசம்பர் 31. அதற்குள் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தினர் 'ஸ்விம்' என்ற பொதுத் தகவல் பகிர்வு முறையில் தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்றது அந்த விதி. கெடுவையொட்டி வந்த வாசகர் கடிதங்கள் பலவற்றில் ஒரே குழப்பம்: நிஜ விமானங்களுக்கான இந்த ஏற்பாடு, சோதனைக்கூட சிமுலேட்டர்களுக்கும் பொருந்துமா?

ஏட்டளவில் பொருந்தும். ஆவணங்கள் தாராளமாக இறைக்கும் 'சேவை' என்ற சொல்லை உரித்துப் பார்த்தால், கேட்டவருக்குத் தகவல் கொடுப்பது, அல்லது சந்தா சேர்ந்தவர்களுக்கெல்லாம் அதைத் தள்ளிவிடுவது என்பதுதான் மிஞ்சும். வாங்கியவர் அதை எப்போது பிரித்தார் என்பது அனுப்பியவரின் கவலையில்லை.

சிக்கல் அங்கேதான். நிஜ வானில் எல்லோருக்கும் மணி ஒன்று. சிமுலேட்டரிலோ நேரத்தையும் மென்பொருளே தயாரிக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ப்ளூஸ்கை' சிமுலேட்டர், விமானப் போக்குவரத்தை நிஜ நேரத்தைவிட வேகமாக ஓட்டிக் காட்டும். ஐரோப்பிய விமானப் போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோலின் 'எஸ்கேப்' சிமுலேட்டரில் விமானக் கட்டுப்பாட்டாளர்களே உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். அங்கே ஒரு நிமிடம் ஒரு நிமிடம்தான். இந்த இரண்டு வகையையும் வெறுமனே கோத்தால், 10:05க்கான 'இடிமேகம், விலகு' என்ற கட்டளை வந்து சேரும்போது வேகமான சிமுலேட்டரில் மணி 10:30 ஆகியிருக்கும். விமானம் மேகத்தைக் கடந்தே போயிருக்கும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் பிறந்து, 2000இல் ஐ.இ.இ.இ. 1516 என்ற தரநிலையாக மாறிய, சிமுலேட்டர்களை இணைக்கும் ஹெச்.எல்.ஏ. இதற்குக் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. எந்த சிமுலேட்டரும் தன்னிஷ்டத்துக்கு முன்னேற முடியாது, '10:05க்கு நகரலாமா?' என்று அனுமதி கேட்க வேண்டும். மற்றவை, 'என் கடிகாரப்படி அடுத்த இத்தனை விநாடிக்குள் நேரமிட்ட செய்தி எதையும் இனி அனுப்ப மாட்டேன்' என்று முன்னரே வாக்குக் கொடுத்திருக்கும். பின்தேதியிட்ட செய்தி எதுவும் வராது என்பது அந்த வாக்குகளிலிருந்து உறுதியான பிறகே அனுமதி. இதற்கு விலையும் உண்டு: கூட்டத்தில் மிக மெதுவானவரின் நடைதான் எல்லோருக்கும்.

ஸ்விம்மில் இப்படி அனுமதி கொடுக்கும் காவலர் இல்லை. நிஜ வானுக்கு அவர் தேவையுமில்லை. அதே அமைப்பை அப்படியே சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்தால், ஒரே சோதனை கணினியின் சுமையைப் பொறுத்து இன்று ஒரு விடையும் நாளை வேறொன்றும் தரலாம். 'தாமதம் இத்தனை நிமிடம் குறையும்' என்று சிமுலேஷனைக் காட்டி அறிவிப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, கடிகாரங்களை எப்படிப் பொருத்தினீர்கள் என்பதைத்தான்.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்: ஸ்விம்மின் பொதுத் தகவல் வடிவம் வந்தால் பிழை ஒழியுமா? 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் விமானக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு வந்த லாஸ் ஏஞ்சலஸ்–பாரிஸ் விமானத்தின் பயணத்திட்டம் வடிவப்படி சரியாகவே இருந்தது. ஆனால் அதன் வழியில் டி.வி.எல். என்ற ஒரே குறியீட்டில் இரண்டு இடங்கள்: ஒன்று பிரான்சில், மற்றது அமெரிக்காவில். அந்தக் கணினி குழம்பி நின்றது. அதே மென்பொருள் ஓடிய மாற்றுக் கணினியும் நின்றது. 7 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் அவதிப்பட்டார்கள்.

விமானியின் திரை மாறுமா? உடனே இல்லை, ஸ்விம் தரையிலுள்ள கணினிகளுக்கிடையிலான ஏற்பாடு.

பழைய பயணத்திட்டப் படிவம் எப்போது விடைபெறும்? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. குறித்திருக்கும் ஆண்டு 2034.

ப்ளூஸ்கையை மாணவர்கள் ஓட்டிப் பார்க்கலாமா? தாராளமாக; பைத்தானில் எழுதிய திறமூல மென்பொருள், காசு வேண்டாம்.