12 சென்டிமீட்டர் ஹெரால்டு

1959 ஏப்ரலில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடையில் ஒரு காரை மூன்றே நிமிடத்தில் பூட்டிக் காட்டினார்கள். டிரையம்ப் ஹெரால்டு அறிமுக விழா அது. அதே காரைத் திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஒரு மொட்டை மாடி அறையில் உள்ளங்கை அளவுக்குச் செய்ய உட்கார்ந்தால், ஒரு கோடை முழுக்கப் போய்விடும்.

மூன்று நிமிட வித்தைக்குப் பின்னால் ஒரு தொழில் நெருக்கடி இருந்தது. ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனிச் சேசிஸ், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு முடுக்குகிற பாடி என்று பழைய வழிக்கே திரும்பினார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலொட்டி. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மாடல் செய்கிறவர்களுக்கு ஹெரால்டு மேல் ஒரு தனிப் பிரியம் வருவதற்கு இதுவே போதும். அசலே துண்டுகளாக வந்து பூட்டப்பட்ட வண்டி.

அது நம் வண்டியும்கூட. கிளாம்பாக்கத்தில் இறங்கித் தாம்பரம் பக்கம் போகும் திருவண்ணாமலைக்காரர்கள், வண்டலூர் தாண்டிப் பெருங்களத்தூர் பக்கம் ஐ.டி. கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இயங்கியது அந்த ஜி.எஸ்.டி. சாலையோரத்தில்தான். 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இங்கே உற்பத்தி தொடங்கியது, 948 சி.சி. இன்ஜின். இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டே கதவுதான். நம்மூர்க் குடும்பத்துக்கு அது சரிப்படுமா? பாட்டியைப் பின்சீட்டில் ஏற்ற முன்சீட்டை மடக்கி, புடவையைத் தூக்கிப் பிடித்து, ஒரு கச்சேரியே நடக்கும். 1968-ல் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்த மார்க் 3 வந்தது. 1971-ல் அதுவும் நின்று, அதன் சாயலில் கெஸல் வந்தது. 1977-க்குப் பிறகு அதுவும் இல்லை.

சிக்கல் அந்த இரண்டு கூடுதல் கதவுகளில்தான் இருக்கிறது. ஏர்பிக்ஸ் கம்பெனி 32-ல் ஒரு பங்கு அளவில் ஹெரால்டு கிட் போட்டிருக்கிறது. டிங்கி, கோர்கி என்று உலோகப் பொம்மைகளும் வந்தன. எல்லாமே இங்கிலாந்து வண்டி, இரண்டு கதவு. சென்னையில் பிறந்த வண்டி வேண்டுமென்றால் கத்தியை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் அளவு. அசல் கார் 3,886 மில்லிமீட்டர் நீளம். 32-ஆல் வகுத்தால் 121. பழைய வண்டி ஒன்று கையில் சிக்கினால் தூரத்தில் நின்று, ஜூம் போட்டு, நேர் பக்கவாட்டில் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு வீங்கிவிடும். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி அமைப்புகள் நடத்தும் பழைய கார் கண்காட்சிகள் இதற்கு நல்ல இடம். எடுத்த படத்தை 121 மில்லிமீட்டருக்கு பிரின்ட் போட்டு மாடலின் பக்கத்தில் வைத்தால், கதவுக் கோடு எங்கே வரவேண்டும் என்று தெரிந்துவிடும்.

கிட்டில் இருக்கும் பழைய கதவுக் கோட்டை அடைக்கச் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் போதும், நொடியில் கல்லாகிவிடும். வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சமன் செய்து, புதுக் கோட்டை ஊசி முனையால் கீற வேண்டும். இங்கேதான் கை நடுங்கும். அசலில் கதவிடுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் மாடலில் 0.16 மில்லிமீட்டர். ஒரே இழுப்பில் ஆழமாகக் கீறப் பார்த்தால் ஊசி வழுக்கி மட்கார்டு வரை போய்விடும்; அழுத்தமே இல்லாமல் பலமுறை ஓட்ட வேண்டும். நடுத்தூணை முன்னால் தள்ள, காலாவதியான ஏ.டி.எம். கார்டிலிருந்து மெல்லிய பட்டை வெட்டிக்கொள்ளலாம். இதற்கென்றே விற்கும் வெளிநாட்டு பிளாஸ்டிக் ஷீட்டை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். நம்மூரில் மினியேச்சர் பஸ் செய்யும் பையன்கள் ஃபோரெக்ஸ் என்கிற பி.வி.சி. நுரை ஷீட்டை வைத்துக்கொண்டு அரசுப் பேருந்தின் ஜன்னல் கம்பிவரை கொண்டுவந்து விடுகிறார்கள்.

பெயிண்ட் விஷயம் கொஞ்சம் நீளமானது. மாடலின் மேல் விழும் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனம் என்று வையுங்கள். அசல் காரில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் தார் பூசியதற்குச் சமம். கதவுக் கோடும் எழுத்தும் மூழ்கிப்போகும். ஆகவே தின்னரை தாராளமாகக் கலந்து, பால் பதத்துக்குக் கொண்டுவந்து, ஏர் பிரஷ்ஷில் பனி படிகிற மாதிரி மெல்ல மெல்லப் பூச வேண்டும்.

பட்டறையில் டூகோ என்று சொல்கிறோமே, அது டூபான்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் வியாபாரப் பெயர். வாரக்கணக்கில் காய வேண்டிய கார் பெயிண்டை மணிக்கணக்குக்கு இறக்கியது அது. வேலூர் சாலைப் பக்கம் ஒரு பெயிண்ட் கடையில், நிறம் கலக்கித் தரக் கேட்டு மாடலை நீட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உரையாடல்:

“எந்த வண்டிக்கு தம்பி?”

“இதுக்குத்தாண்ணே.”

“இதுக்கு நூறு மில்லியா? பேரன் பேத்தி வரைக்கும் அடிக்கலாமே!”

சொன்னது உண்மைதான், பத்து மில்லியே தாராளம். ஆனால் டூகோவின் தின்னர் கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். முதலில் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் பிரைமர் இரண்டு கை அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல்தான் டூகோ. கடைக்காரர் கலந்து தரும் நிறத்தில் சில சொட்டு வெள்ளை சேர்ப்பது நல்லது. சின்னப் பரப்பில் எந்த நிறமும் அசலைவிட அடர்த்தியாகத் தெரியும்.

நேரமும் முக்கியம். கார்த்திகை மழையில், வேங்கிக்கால் ஏரி ததும்பி நிற்கும் நாளில் அடித்தால் பூச்சு வெளுத்துப் பூத்துப்போகும்: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்துவிடுகிறது. சித்திரை மத்தியானத்தில் அடித்தாலோ, துளிகள் காருக்குப் போய்ச் சேருமுன் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். மாசி, பங்குனிக் காலைதான் தோது. கார் பெயிண்டர்கள் செய்வதைப்போல் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமர்த்திவிட்டுத் தொடங்க வேண்டும். பம்பர், ஜன்னல் விளிம்பின் குரோம் பளபளப்புக்கு மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டித் தேய்த்தால் எந்த வெள்ளிப் பெயிண்டும் பக்கத்தில் நிற்க முடியாது.

அடுத்தது அலங்காரம். 1958-ல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. கம்பெனி ‘ஒன்றில் மூன்று’ கிட்டுகளைக் கொண்டுவந்தது: சாதா, ரேஸ், கஸ்டம். அன்றிலிருந்து கஸ்டம் என்றால் தாழ்த்திய கூரை, பக்கவாட்டில் தீ ஜுவாலை என்றே கிட் பெட்டிகள் கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஹெரால்டின் மேல் தீ ஜுவாலை வரைவது எனக்குச் சகிக்காது. நம் ஆட்கள் காரைத் தமதாக்கிக்கொள்ளும் விதம் வேறு. கூரை மேல் கேரியர், பின் கண்ணாடிக்குத் திரை, முன் கண்ணாடியில் ‘அண்ணாமலையார் துணை’, பானெட்டில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், பம்பரில் எலுமிச்சை. 4 சென்டிமீட்டர் எலுமிச்சை 32-ல் ஒரு பங்காகச் சுருங்கினால் ஒன்றேகால் மில்லிமீட்டர். ஒரு கடுகுக்கு மஞ்சள் அடித்து, இயர்போன் வயரின் செம்பு இழையில் கோத்தால் அளவு கச்சிதம். மிளகாய்க்குப் பச்சை அடித்த பிரஷ் முடி. கேரியருக்கும் அதே செம்பு இழைதான்.

கடைசி வேலை நம்பர் பலகை. உள்ளூர்ப் பெருமையில் திருவண்ணாமலையின் டி.என். 25 என்று ஒட்டத்தான் கை போகும். ஆனால் திருவண்ணாமலை தனி மாவட்டமானதே 1989-ல், டி.என்.னும் இலக்கமும் சேர்ந்த வரிசை வந்ததும் அதே ஆண்டில்தான். 1970 மாடல் வண்டிக்கு மூன்று ஆங்கில எழுத்தும் அதன் பின் எண்ணும், கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாக இருக்க வேண்டும். பழைய வண்டியை வாங்கி இங்கே மறுபதிவு செய்ததாகக் கதை சொல்லி 25 ஒட்டுகிறவர்களும் உண்டு. அப்படியானால் பெயிண்டைக் கொஞ்சம் மங்கவிட்டு, பின் மட்கார்டில் ஒரு டச்சப் வித்தியாசமும் காட்டிவிட வேண்டும். இருபது வருடம் ஓடிய வண்டி புதுப் பளபளப்பில் இருந்தால் எந்த ஆர்.டி.ஓ. நம்புவார்?