சினை ஆட்டின் கடைசி ஐம்பது நாட்கள்

ஐப்பசி மழையில் சினைப்பட்ட வெள்ளாடு பங்குனியில் குட்டி போடும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். பிறக்கும் குட்டியின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி 50 நாட்களில்தான் சேர்கிறது. வடசென்னையில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பாதகமாகவே விழுகிறது. மாசி, பங்குனியில்தான் மழைக்கு முளைத்த பச்சை காய்கிறது, வெயில் ஏறுகிறது, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி மிச்சமிருக்கும் தழையிலும் படிகிறது. ஆட்டுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் தெருவில் மேய்ச்சல் குறைந்துவிடுகிறது. ‘குட்டி போடட்டும், அப்புறம் கவனிக்கலாம்’ என்று விடுவதால் வரும் நஷ்டத்தில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. நம் கையை மீறி வரும் நஷ்டத்துக்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கான காகிதங்களை ஆடு உயிரோடு இருக்கும்போதே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

பால் கறக்கும் ஆடு என்றால், குட்டி போடுவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும். அந்தப் பால் போகிறதே என்று வருந்துபவர்கள் உண்டு. மடிக்கு ஓய்வு கிடைத்தால்தான் சீம்பாலும் அடுத்த ஈற்றின் பாலும் ஒழுங்காக வரும். வயிற்றில் இரட்டைக் குட்டி இருந்தால் இரைப்பைக்கு இடம் குறைந்து, ஆட்டால் ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. போதிய சக்தி கிடைக்காத உடம்பு தன் கொழுப்பையே கரைக்கத் தொடங்கும். ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்து ஆடு தீனி எடுக்காமல் தள்ளாடிப் படுத்துவிடும். இதனால்தான் அகத்தி, முருங்கைத் தழையோடு தவிடும் புண்ணாக்கும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும், நிழலில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும் என்கிறோம். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை மொத்தமாகக் கொட்டுவது பாசத்தில் செய்வதாக இருக்கலாம். ஆனால் பழக்கமில்லாத வயிற்றில் அது புளித்து அமிலமாகி, ஒரே நாளில் தாயையும் வயிற்றுக் குட்டிகளையும் கொன்றுவிடும். ஆடு எதைத் தின்றாலும் செரித்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை உண்டு. இருந்தும் குப்பையில் பைகள் கிடக்கின்றன. இரைப்பையில் தங்கிய பை வெளியே வராது. அடர்த்தியாகத் தீனி வேண்டிய மாதத்தில் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கடைசி 50 நாட்களிலாவது சினை ஆட்டைக் குப்பைமேட்டுக்கு அவிழ்த்துவிடாமல் கட்டிப் போட்டுத் தீனி வைப்பது நல்லது.

ஆட்டுக்கு முடி சீவுவதும் குளம்பு வெட்டுவதும் வசதியுள்ளவர்களின் ஆசைக்கு என்று சிலர் சொல்வார்கள். செலவே இல்லாத மருத்துவப் பரிசோதனை அதுதான் என்பேன். புழுதியும் கரித்தூளும் படிந்த முடிக்குள் உண்ணியும் பேனும் மறைந்திருக்கும். ரத்தம் குடிக்கும் உண்ணி சினை ஆட்டை மேலும் சோகையாக்கும். தினமும் காய்ந்த பிரஷ்ஷால் நீவிவிடும் கைக்கு முதுகெலும்பு துருத்துவது, மடி ஒரு பக்கம் சூடாக இருப்பது, தாடையின் கீழ் நீர் கோத்திருப்பது எல்லாம் முதலில் தெரியும். நீர் கோத்திருந்தால் குடற்புழு தாக்கியிருக்கலாம். உண்ணிக்கென்று கழிவு ஆயிலோ மண்ணெண்ணெயோ தடவக் கூடாது. தோல் புண்ணாகும், ஆடு அதை நக்கவும் செய்யும். புழு மருந்தையும் கடையில் கேட்டு வாங்கி ஊற்றக் கூடாது. அல்பெண்டசோல் போன்ற சில மருந்துகளைச் சினையின் தொடக்கத்தில் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம். குளம்பைச் சினையின் நடுமாதங்களிலேயே வெட்டிவிட வேண்டும். நிறைசினை ஆட்டைப் புரட்டிப் போட்டுக் கால் பிடிப்பது ஆபத்து.

துள்ளுமாரி தடுப்பூசியைக் குட்டி போடுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு போட்டால், அந்தப் பாதுகாப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். பிறந்த முதல் மணி நேரத்திலேயே குட்டி சீம்பால் குடித்தாக வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியை அரசே போடுகிறது. கன்று வீச்சு நோய் என்கிற புரூசெல்லா, ஆட்டோடு நிற்பதில்லை. குட்டி வீசிய ஆட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவருக்கும், காய்ச்சாத பால் குடிப்பவருக்கும் அது தொற்றி, மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் தரும். ஆடு வளர்ப்பவர் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனால் வீட்டில் ஆடு இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புரூசெல்லாவுக்கான பரிசோதனையை அவர் நினைக்கவே வாய்ப்பில்லை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்கும் வழக்கமும் நல்லதல்ல. அதில் ஃபோலேட் சத்து மிகக் குறைவு.

நகர நெருக்கடியில் ஆடு எதற்கு, ஊர்ப்பக்கம் வளர்க்கட்டுமே என்ற ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. சாலைக்கு வரும் ஆட்டால் விபத்தும் நடக்கிறது. ஆனால் நகர்ப்புறக் கால்நடைகளுக்காக 1997-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் உரிமம் பெற்று வளர்க்கச் சொல்கிறது, வளர்ப்பையே ஒழிக்கச் சொல்லவில்லை. உரிமம் உள்ளவரால் அதிகாரியிடம் தயங்காமல் பேச முடியும். பணமுடையில் சினை ஆட்டைக் கறிக்கு விற்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளின்படி சினையாக உள்ள விலங்கையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியுள்ள தாயையும் வெட்டக் கூடாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வேதனை. அதற்காக அந்தச் சட்டம் உரிமையாளருக்கு விதிக்கும் பராமரிப்புக் கடமை குறைந்துவிடாது.

உரிமையாளர் எல்லாம் செய்தும் காப்பாற்ற முடியாத நாட்கள் எண்ணூருக்கு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அந்தப் புயலுக்குப் பிறகு வெள்ளத்தில் இறந்த ஆட்டுக்கான நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு 3,000 ரூபாயிலிருந்து 4,000 ஆக உயர்த்தியது. வயிற்றில் இருந்த குட்டிகளுக்கு அதில் தனிக் கணக்கு இல்லை. நிறைசினை ஆட்டின் உண்மையான விலைக்கு இது ஈடாகாது. காப்பீடு எடுத்திருந்தால் நிலைமை வேறு. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் 2024 முதல் பிரீமியத்தில் 15 சதவீதத்தை மட்டும் உரிமையாளர் கட்டினால் போதும். அதற்குக் காதில் அடையாள வில்லை வேண்டும். மாசினால் ஆடு செத்தால், 2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். கறவை விலங்குகளுக்கு ஏற்படும் சேதம் அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. கெடு ஐந்து ஆண்டு, தென்மண்டல அமர்வு இருப்பதும் சென்னையில்தான்.

மாசினால்தான் செத்தது என்று நிரூபிக்க உடற்கூறாய்வு அறிக்கை வேண்டும். ஆகவே புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தடுப்பூசிச் சீட்டு, சினைப் பரிசோதனைச் சீட்டு, காதுவில்லை தெரியும் புகைப்படம் ஆகியவை வாதத்துக்குப் பலம். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 1962, வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஒரு ஆட்டுக்காக யார் வழக்குப் போடுவார்கள் என்று கேட்கலாம். தனித்தனியாகப் போவது கடினம்தான். ஒரே கசிவில் ஆடு இழந்த தெருக்காரர்கள் சேர்ந்து போகலாம். வழக்கறிஞர் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.