பார்வை போனால் வேலையும் போகுமா?

தென்காசிக்குப் பக்கத்தில்தான் ஆய்க்குடி. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன அந்த ஊர் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென அப்போது தனிச் சட்டம் கிடையாது. முதல் சட்டம் 1995இல் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம்.

அதில் 20ஆவது பிரிவை அரசு வேலையில் இருக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓர் அரசு பஸ் டிரைவருக்குப் பார்வை குறைந்து, மெடிக்கல் போர்டு 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைக் காட்டி அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது, பதவியிறக்கவும் முடியாது. செய்யக்கூடிய வேறு வேலையை அதே சம்பள விகிதத்தில் தர வேண்டும். இடம் காலியில்லையா? கிடைக்கும்வரை, இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை, அவருக்கென ஓர் உபரிப் பணியிடம் உண்டாக்க வேண்டும். "பேசாமல் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்திடுங்க அண்ணாச்சி" என்று யாராவது அன்பாகத் தாளை நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் காட்டுங்கள்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் ஒரு பிடி உண்டு. மின்வாரிய உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வான ஒருவரை, நிறக்குருடு என்று வாரியம் ஒதுக்கியது. சட்டப் பட்டியலில் நிறக்குருடு இல்லை. ஆனாலும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது; அவர் செய்வதற்கேற்ற பணியை ஒழுங்குசெய்து தருவது வாரியத்தின் பொறுப்பு என்றது. சாய்தளம், தரைத்தளத்தில் இருக்கை, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எல்லாம் சட்டம் சொல்லும் 'நியாயமான ஏற்பாடு' என்பதில் அடக்கம். அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால் மட்டுமே நிர்வாகம் மறுக்கலாம்.

தனியார் கம்பெனியில் பாதுகாப்பு இவ்வளவு கெட்டியில்லை. 20ஆவது பிரிவு அங்கே எட்டாது. ஆனால் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்ற கடமை அங்கும் உண்டு. அதை எழுதி மாட்டாத இடங்களே அதிகம் என்பது என் எண்ணம்.

முறையிட, தென்காசியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்டும். மேலே மாநில ஆணையர் இருக்கிறார். அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை நிர்வாகம் 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்லவேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது, நிர்வாகத்துக்கு நீங்கள் கொடுத்த மனுவின் நகலைத்தான். அதில் தேதியோடு ஆபீஸ் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.