படகேறிக் கடலுக்குச் செல்லும் மீன்குஞ்சுகள்

மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்பது நம் வழக்கு. அந்த மீன்குஞ்சையே படகிலும் லாரியிலும் ஏற்றிக் கடலுக்கு அனுப்புகின்றனர் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் இது நகைப்புக்குரிய செய்தியன்று.

அமெரிக்காவின் வடமேற்கில், ஐடஹோ மாநில மலைகளில் பிறக்கும் சால்மன் மீன், ஸ்னேக் ஆற்றின் வழியாகவும் பின்னர் கொலம்பியா ஆற்றின் வழியாகவும் பசிபிக் கடலை அடைகிறது. அங்கே வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் தான் பிறந்த இடத்திற்கே திரும்புகிறது. ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பும் சாக்கை சால்மன், ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் எதிர்நீச்சலிட்டு 2,000 மீட்டர் உயரம் ஏறுகிறது! பிறந்த நீரின் மணமே அதற்கு வழிகாட்டி என்பதை ஆர்தர் ஹாஸ்லர் என்னும் அறிஞர் 1950களில் ஆய்ந்து விளக்கினார்.

அவ்வழியில் இன்று எட்டு அணைகள் நிற்கின்றன. ஸ்னேக் ஆற்றில் மட்டும் 1961 முதல் 1975 வரை நான்கு எழுந்தன. மின்சாரம் கிடைத்தது, கோதுமைப் படகுகள் லூயிஸ்டன் நகர்வரை சென்று வந்தன. மேலேறி வரும் பெரிய மீன்களுக்குப் படிக்கட்டு போன்ற நீர்வழியும் அமைத்தனர். ஆனால் கீழே இறங்கும் விரல் நீளக் குஞ்சு என் செய்யும்? முன்னர் பனியுருகிய வெள்ளம் அதை விரைந்து கடலில் சேர்த்தது. இன்றோ தேங்கிய நீரில் வழி நீள்கிறது. உப்புநீருக்கேற்ப அதன் உடல் மாறும் காலமோ காத்திராது. வழியெங்கும் பகை மீன்கள். அணையிலோ மின் சுழலிகள்.

எனவே அணைகளைப் பராமரிக்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையினர் சுழலிகளின் வாயிலில் வலைத்திரை அமைத்து, குஞ்சுகளைக் குழாய் வழியே தொட்டிகளில் சேர்க்கின்றனர். அங்கிருந்து படகில் ஏற்றி, இறுதி அணையாகிய பானவில்லுக்குக் கீழே விடுகின்றனர். குஞ்சுகள் குறைந்த நாள்களில் லாரி போதும். ஆற்றின் மணம் மறவாதிருக்கப் படகினுள் ஆற்றுநீர் ஓயாது பாய்ச்சப்படுகிறது. என்னே கவனம்! 1981 முதல் இது முறையான திட்டமாக நடந்து வருகிறது.

ஏறிய குஞ்சுகளுள் மிகப் பெரும்பாலானவை உயிரோடு இறங்குகின்றன. எனினும் கணக்கு அங்கே முடிவதில்லை. படகில் சென்றவற்றுள் பல கடலில் மாள்கின்றன. சில திரும்புகையில் வழி தவறி வேற்றாறு புகுகின்றன. 1992-இல் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பிய சாக்கை ஒன்றே ஒன்று; அதுவும் ஆண் மீன்.

1855-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மீன்பிடி உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொண்ட நெஸ் பெர்ஸ் பழங்குடியினர், ஸ்னேக் ஆற்றின் அந்த நான்கு அணைகளையும் திறந்துவிடுமாறு வேண்டுகின்றனர். மின்சாரத்தையும் கோதுமையையும் நம்பி வாழ்வோர் மறுக்கின்றனர். இருவர் கூற்றிலும் வயிற்றுப்பாடு இருக்கிறது. இதற்கிடையே, ஆண்டுதோறும் இளவேனிலில் ஒரு பகுதிக் குஞ்சுகள் மதகு நீரோடும் மற்றொரு பகுதி படகிலும் கடலுக்குப் போகின்றன.