எச்சரிக்கும் கதைகள்



குறைவற்ற இலட்சிய உலகொன்றைக் கற்பனை செய்து எழுதும் மரபு பழையது. தாமஸ் மோர் 1516ஆம் ஆண்டில் ‘உத்தோப்பியா’ என்னும் நூலை வெளியிட்டு அம்மரபுக்குப் பெயரும் அளித்தார். அதற்கு நேர்மாறான கதைவகையொன்று இருபதாம் நூற்றாண்டிலே ஓங்கி வளர்ந்தது. மனிதர் வாழத் தகாத எதிர்கால உலகைக் காட்டி, இவ்வழியே சென்றால் இங்கேதான் சேர்வோம் என எச்சரிப்பன அக்கதைகள். அவற்றிலே கொடுங்கோலனைக் காட்டிலும் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவர்கள், அவனுக்கு இடங்கொடுத்த சாதாரண மக்களேயாவர்.

1941 முதல் 1943 வரை பி.பி.சி.யில் இந்திய நேயர்களுக்கான ஒலிபரப்புகளில் பணியாற்றிய ஜார்ஜ் ஓர்வெல், 1949இல் வெளிவந்த ‘1984’ என்னும் நாவலிலே, அச்சத்தால் ஆளும் அரசொன்றைக் காட்டினார். அச்சத்தால் அடக்கப்படுவோன் தன் விலங்கைப் பெரும்பாலும் உணர்வான். சுகத்தால் அடக்கப்படுவோனோ அதனை அணிகலன் என்றே எண்ணிவிடுவான்.

இவ்வுண்மையை அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953இல் எழுதிய ‘பாரன்ஹீட் 451’ தெளிவாகக் காட்டுகின்றது. அக்கதையில் தீயணைப்போரின் தொழில் தீ வைத்தல். நூல்களை எரிப்பதே அவர்கள் கடமை. அவர்களுள் ஒருவனான மோன்டாக்கின் மனைவி, சிப்பி போன்றதொரு சிறு வானொலியை இரவெல்லாம் காதிலே செருகிக் கிடக்கின்றாள். வீட்டின் மூன்று சுவர்கள் திரைகளாகப் பேசிக்கொண்டிருக்க, நான்காவது சுவரும் வேண்டும் என்கின்றாள். நூல்கள் எரிக்கப்பட்டமைக்கு அரசாணை மட்டுமே காரணமன்று. மக்கள் முன்னரே வாசிப்பைக் கைவிட்டிருந்தனர் என்கிறது கதை. நெருப்பு பின்னர் வந்தது. அலட்சியம் முன்னர் வந்தது.

வானொலி வழியாகவே இதனைக் கூறுவது முரணாகத் தோன்றலாம். கருவியிலே குற்றமில்லை. கேட்டதைச் சிந்திக்கின்றோமா என்பதே வினா.

நூல்கள் எரிந்த வரலாறு நம் நாட்டிலும் உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பராயின. ஆயினும் அந்நூலகத்தை நேசித்த மக்கள் இருந்தனர். ஆதலின் அந்த இழப்பு மறக்கப்படவில்லை. கட்டடமும் மீண்டும் எழுந்தது. பகைவன் எரித்த நூலகத்தை மீளக் கட்டலாம். வாசகன் கைவிட்ட நூலகத்தை யார் கட்டுவார்?

1956இல் இலங்கையிற் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் அவ்வாண்டிலேயே ‘நகரமும் விண்மீன்களும்’ எனப் பொருள்படும் நாவலை வெளியிட்டார். அதில் வரும் டயஸ்பார் என்னும் நகரிலே நோயில்லை, வறுமையில்லை. ஆனால் எல்லைக்கு அப்பாற் செல்ல எவருக்கும் துணிவில்லை. பண்டைக்காலப் பகைவர் பற்றிய கதையொன்று அவர்களை உள்ளே பூட்டி வைத்திருந்தது. ‘வெளியே என்ன இருக்கிறது?’ என்று கேட்ட இளைஞன் ஒருவனாலேயே அக்கதை பொய்யென்பது வெளியாயிற்று.

இத்தகைய கதைகளைப் படிப்போரையும் ஒரு மெத்தனம் பற்றிக்கொள்வதுண்டு. ‘இது கதைதானே, நம் ஊரில் நடவாது’ என்று நூலை மூடிவிடுதலே அது. மட்டக்களப்பு வாவியை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணுதல் தகாது. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் கோடையிலே வாவி கண்ணாடிபோல் அமைதியாய்க் கிடக்கும். மாரிமழை பெருகி ஆறுகள் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, வாயை உரிய வேளையில் வெட்டிவிடாவிட்டால், தாழ்நிலத்து வயல்களும் மனைகளும் நீரில் மூழ்கும். அமைதியான நீர் ஆபத்தில்லாத நீர் என்று எழுவான்கரையாரும் சொல்லார், படுவான்கரையாரும் சொல்லார்.

சமூகத்துக்கு அத்தகைய முகத்துவாரம் கேள்வியே. வகுப்பறையில் ஒரு பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்கும்போது, ‘அது பரீட்சைக்கு வராது’ என்று வாயடைப்பது எளிது. அவ்வாறு அடைக்கப்படும் ஒவ்வொரு வாயும் மணல்மேட்டை ஒரு பிடி உயர்த்துகின்றது. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளைக் கேட்க விடுவார்களாக. விடை தெரியாதவிடத்து அவர்களோடு சேர்ந்து நூலைத் திறப்பார்களாக. எச்சரிக்கும் கதைகளை எழுதியோர் நம்மிடம் வேண்டுவது அவ்வளவே.