குளிர்தேநீரில் ஒளிந்திருக்கும் அறிவியல்

சித்திரை மாதப் பிற்பகலில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் தொடங்கும் வேளையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடும். இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லத்திலும் ஒரகடத்திலும் உள்ள சிப்காட் தொழிற்சாலைகளிலிருந்து வியர்த்துக் களைத்து வீடு திரும்புபவர்களில் உங்கள் அக்காவோ அப்பாவோ இருக்கலாம். அவர்களுக்கு ஒரு குவளை குளிர்ந்த கிரீன் டீ தயாரித்துக் கொடுப்போமா? அடுப்படியே நமக்கு ஆய்வுக்கூடம்!

இலை ஏன் பச்சையாக இருக்கிறது?

நாம் வழக்கமாகக் குடிக்கும் தேநீரும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைகள்தாம். நீலகிரி மலைச்சரிவுகளில் இரண்டுமே தயாராகின்றன. பறித்த இலையை வாடவைத்து உருட்டும்போது அதன் செல்கள் உடைகின்றன. உள்ளிருக்கும் ஒரு நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு, காட்டெச்சின் என்ற பொருள்களை மாற்றிவிடுகிறது, இலை கருக்கிறது. வெட்டிவைத்த வாழைக்காய் கருப்பதும் இதுபோன்ற வினையால்தான். கிரீன் டீக்கு மட்டும், பறித்த இலையை உடனே நீராவியிலோ சூடான சட்டியிலோ வாட்டுகிறார்கள். நொதி செயலிழந்துவிடுகிறது, பசுமை தங்குகிறது.

இனிச் செய்து பாருங்கள்

இரண்டு குவளைக்கு 400 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்குங்கள். மூடியைத் திறந்து சுமார் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். வெப்பமானி இருந்தால் 80 டிகிரி செல்சியஸ் காட்டும்போது மூன்று தேக்கரண்டி கிரீன் டீ இலையைப் போட்டு, மூன்று நிமிடத்தில் வடிகட்டுங்கள். கொதிக்கும் நீரில் போட்டாலோ நெடுநேரம் ஊறவிட்டாலோ கசப்புப் பொருள்கள் மிகுதியாக இறங்கிவிடும்.

வடித்த தேநீர் சூடாக இருக்கும்போதே கசக்கிய புதினா இலை பத்தும் துளசி இலை நான்கும் போட்டு மூடிவையுங்கள். திறந்துவைத்தால் அவற்றின் நறுமண எண்ணெய்கள் ஆவியாகிப் போகும். நன்றாக ஆறிய பின் இலைகளை எடுத்துவிட்டு, அரை எலுமிச்சம் பழத்தையும் ஒரு சாத்துக்குடியையும் பிழிந்துவிடுங்கள். சூட்டில் பிழிந்தால் வைட்டமின் சி ஓரளவு அழியும்.

எவ்வளவு பனிக்கட்டி?

இங்கே கொஞ்சம் கணக்கு. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். அதுவே உள்ளுறை வெப்பம். உருகிய நீர் 5 டிகிரியை எட்ட இன்னும் 5 கலோரி. ஆக 85 கலோரி.

80 டிகிரியிலுள்ள 200 கிராம் தேநீரை 5 டிகிரிக்குக் குளிர்விக்க 200 × 75 = 15,000 கலோரியை அகற்ற வேண்டும். 85 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 176 கிராம் பனிக்கட்டி! தேநீரும் தண்ணீரும் சரிபாதி ஆகிவிடும். அதையே அறை வெப்பமான 35 டிகிரிக்கு ஆறவைத்த பின் குளிர்வித்தால் 200 × 30 = 6,000 கலோரிதான்; 71 கிராம் போதும். அதனால்தான் முதலில் ஆறவைத்தோம். உருகும் நீரை ஈடுகட்டவே இலையையும் ஒரு கரண்டி கூட்டிப் போட்டோம்.

குளிர்ச்சி வேறு, தூய்மை வேறு

உறையவைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பல கிருமிகள் பனிக்கட்டிக்குள் உறங்கிக் கிடந்து, உருகியதும் விழித்துக்கொள்ளும். தேநீர்த் தண்ணீரை எவ்வளவு கொதிக்கவைத்தாலும், கொதிக்கவைக்காத நீரில் செய்த பனிக்கட்டியைப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். மீன் முதலியவற்றைப் பதப்படுத்தும் பனிக்கட்டி குடிநீரில் செய்யப்படாததாக இருக்கலாம். அதை அடையாளம் காண நீலநிறம் சேர்க்க வேண்டும் என்று 2018 இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் தூய்மையானது என்றும் ஆகிவிடாது. எனவே கொதித்து ஆறிய நீரை வீட்டிலேயே உறையவையுங்கள்.

எலுமிச்சை செய்யும் உதவி

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைத் தேநீரின் பாலிஃபீனால்கள் பிடித்துக்கொள்கின்றன. உடம்பில் சேரவேண்டியது வீணாகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே இது சிறிய செய்தியல்ல. எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்பு உட்கிரகிக்கப்பட உதவுகிறது. ஆனாலும் சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு குடிக்க வெறும் எலுமிச்சைச் சாறு நல்லது.

புதினா சொல்லும் பொய்

புதினாக் குடும்பச் செடிகளில் மென்தால் என்ற பொருள் உண்டு. வகைக்கு வகை அளவு மாறும். நம் நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. மென்தால் பட்டதும், குளிர் பட்டதுபோல் அது செய்தி அனுப்பிவிடுகிறது! டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவரும் தனித்தனியே மென்தாலைப் பயன்படுத்தி இதைக் கண்டறிந்தனர். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் முறை பற்றிய ஆய்வுகளுக்காக 2021 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

நாக்கு குளிர்ந்தாலும் உடம்பின் வெப்பம் புதினாவால் குறைவதில்லை. வெயிலில் வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள், பிறகு தேநீர். தலைசுற்றல், குழப்பம், மிகுந்த காய்ச்சல் தெரிந்தால் தேநீர் போட்டுக்கொண்டிருக்காமல் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, 108 ஐ அழையுங்கள்.

உங்களுக்கு ஒரு சோதனை

பால் சேர்க்காத சாதாரணத் தேநீரை மூன்று குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறும், மற்றொன்றில் ஒரு சிட்டிகை சோடா உப்பும் போடுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். எது வெளுக்கிறது, எது கருக்கிறது? லிட்மஸ் தாளை நினைத்துக்கொண்டு காரணத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்!