கச்சாவும் சுருக்கமும்: கல்லைப் படமெடுப்பது குறித்துச் சில குறிப்புகள்

கேமராவில் ‘ரா’, ‘ஜேபெக்’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. எதைத் தேர்வது என்பது ஸ்டூடியோக்காரர்களின் தொழில்நுட்பப் பிரச்சினை என்றே நாம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். கல்வெட்டு, நடுகல், பழைய பத்திரம், கொளுத்தப்பட்ட குடிசை என்று எதை எடுக்கப் போனாலும், “ஜேபெக்கே போதும் தோழர், வாட்ஸப்புலதானே போடப்போறோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எது போதும், யாருக்குப் போதும், போதும் என்று தீர்மானிக்கிறவர் யார் என்கிற கேள்விகள் எழுவதேயில்லை. இக்கேள்விகளை உத்திரமேரூர்க் கல்வெட்டை முன்வைத்துக் கேட்டுப்பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் கச்சாப் படம். கேமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதன் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றுள் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த அமைப்பு இது. ஒவ்வொரு புள்ளியும் தந்த எண்ணை 12 அல்லது 14 பிட்டில், அதாவது 4,096 அல்லது 16,384 படிகளில், குறித்துவைத்த கோப்புதான் ‘ரா’. அது இன்னும் படமல்ல. படமாவதற்கான கச்சாப்பொருள்.

ஜேபெக் என்பது அந்தக் கச்சாப்பொருளைக் கேமராவே சமைத்து இறக்கிவைத்த பண்டம். வெள்ளை எது, கறுப்பு எது, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வழவழப்பு எல்லாவற்றையும் கேமரா முடிவுசெய்து, நிறத்துக்கு 256 படிகளாகக் குறைத்துவிடுகிறது. (இந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டு மயங்கவும் கூடாது. கச்சாவில் பாதிப் படிகள் மிக வெளிச்சமான பகுதிக்கே போய்விடுகின்றன. ஆனாலும் நிழலுக்கு மிஞ்சுவது கச்சாவில்தான் அதிகம்.) அதன்பிறகு சுருக்கம் தொடங்குகிறது. வெளிச்சம் தனியாகவும் நிறம் தனியாகவும் பிரிக்கப்படுகின்றன. நிறத் தகவலில் பெரும்பகுதி அப்போதே குறைக்கப்படுவதுண்டு. படம் எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதப்படுகிறது. பெரிய, மெதுவான மாற்றங்கள் தக்கவைக்கப்படுகின்றன. நுண்ணிய மாற்றங்கள் ஓர் அட்டவணையால் வகுக்கப்பட்டு முழு எண்ணாக்கப்படும்போது பெரும்பாலும் பூஜ்யமாகிவிடுகின்றன. பூஜ்யமானது பூஜ்யந்தான், திரும்பி வராது. திருத்தி மறுபடி சேமித்தால் மறுபடியும் கொஞ்சம் போகும்.

இந்த அலைக் கணக்கை யோசித்தவர் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது. 1972இல் இதற்காக அவர் கேட்ட நிதியுதவி அமெரிக்காவில் மறுக்கப்பட்டது. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் கட்டுரையாக வெளியிட்டார். 1992இல் ஜேபெக் தரநிலை வந்தபோது அதன் அடித்தளம் இதுவே. ஆக, தொழில்நுட்பம் மேற்கின் சதி என்கிற சுலபமான வாசிப்புக்கு இங்கே இடமில்லை. கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. எதைப் பூஜ்யமாக்கலாம் என்பதைச் சராசரி மனிதக் கண்ணின் உணர்திறனை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். சராசரிக் கண்ணுக்குத் தெரியாதது தேவையில்லாதது என்பதே ஜேபெக்கின் தத்துவம். முகத்துக்கும் திருமணத்துக்கும் இது சரி. ஆனால் கல்வெட்டு வாசகனின் கண் சராசரிக் கண் அல்ல.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. குடவோலைக் கல்வெட்டுகள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். சோழர் காலக் கல்லில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. எங்காவது ஒரு சிறு குழி இருந்தால் அது உளியின் வேலையா, கல்லின் சொந்தப் பள்ளமா என்பதிலேயே ஒரு சொல் மாறிப்போகலாம். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் அந்தக் குழி தருவது மிக மெல்லிய நிழல். ஜேபெக் முதலில் கைவைப்பது அந்த மெல்லியதில்தான். அதற்கு முன்பே கேமராவின் ‘இரைச்சல் நீக்கம்’ கல்லின் சொரசொரப்பைத் துடைத்துவிட்டிருக்கும். எழுத்து பளிச்சென்று தெரிகிறது என்று நாம் மகிழும் படத்தில், சந்தேகப்படுவதற்கான ஆதாரமே அழிந்துபோயிருக்கக்கூடும்.

எனில், கச்சாதான் உண்மை, சுருக்கம் பொய் என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. கேமரா வருவதற்கு முன்பிருந்தே கல்வெட்டாளர்கள் மைப்படி எடுத்துவருகிறார்கள். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால், கறுப்புப் பின்னணியில் எழுத்து வெள்ளையாக நிற்கும். நிறம் போயிற்று, கல் போயிற்று. ஜேபெக்கைவிடக் கொடிய சுருக்கம் இது! ஆனால் இந்தச் சுருக்கத்தைச் செய்த கை எழுத்தைத் தேடிய கை. எதை விடுகிறோம் என்று அதற்குத் தெரியும். தாளிலும் பள்ளத்தின் தடம் மிஞ்சுகிறது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டதை நாம் கொண்டாடினோம். அப்படிகளை எந்த வடிவத்தில் படமாக்கிச் சேமிப்பது என்பதும் அதே அளவு அரசியல் கேள்வியே.

அர்த்தத் தளத்திலும் இதே சுருக்கம் நடக்கிறது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் மோடி உத்திரமேரூரை ஜனநாயகத்தின் தொன்மைச் சான்றாகக் குறிப்பிட்டார். நம்மூர் மேடைகளிலும் அதே பெருமிதந்தான். கல்லில் இருப்பது என்ன? அது ஒரு சதுர்வேதிமங்கலத்துப் பிராமணச் சபையின் தீர்மானம். முப்பது குடும்புகள் உண்டு. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட, கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் தகுதியில்லை என்கிற பாராட்டத்தக்க விதியும் அதே கல்லில்தான் இருக்கிறது. உழுதவர், பெண்கள், சேரியில் இருந்தவர் ஆகியோரின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்கிற தொடர் இந்தக் கல்வெட்டின் ஜேபெக். சராசரிக் கண்ணுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, விளிம்பில் இருந்ததைப் பூஜ்யமாக்கிவிட்டது.

கச்சாவைப் புனிதமாக்குவதிலும் ஆபத்து உண்டு. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ், கச்சாவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவே தந்த ஜேபெக்கை அனுப்புங்கள் என்று வெளிப் புகைப்படக்காரர்களிடம் கேட்டுக்கொண்டது. வேகமும் நம்பகமும் அது சொன்ன காரணங்கள். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியோ, சரிபார்க்கக் கச்சாக் கோப்பைத்தான் கேட்கிறது. அதே 2015இல் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இப்படித்தான் நீக்கியது. ஒருவருக்குக் கச்சா பொய்க்கான வாசல், மற்றவருக்கு மெய்க்கான சாட்சி. உடைமைப் பிரச்சினை வேறு இருக்கிறது. ஜேபெக் எல்லாரும் திறக்கக்கூடிய பொதுத் தரநிலை. கச்சா வடிவங்களோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் பூட்டுகள். 2005இல் நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவின் கோப்பில் வெண்மைச் சமன் தகவலைச் சங்கேதமாக்கி வைத்தது சர்ச்சையானது. நாம் எடுத்த படத்தின் சாவி கம்பெனிக்காரன் கையில்! அடோபி 2004இல் வெளியிட்ட டி.என்.ஜி. வடிவத்தின் விவரக்குறிப்பு வெளிப்படையானது என்பதால் அது ஓரளவு பாதுகாப்பு.

நடைமுறைக்கு வருவோம். அழியக்கூடியது, தர்க்கத்துக்கு உள்ளாகக்கூடியது எதுவானாலும் (கல், ஓலை, பத்திரம், காயம், இடிக்கப்பட்ட சுவர்) கச்சாவிலும் ஜேபெக்கிலும் சேர்த்தே எடுக்க வேண்டும். இதற்கான வசதி ஆண்ட்ராய்டு போன்களில் 2014 முதலே வரத் தொடங்கிவிட்டது. கச்சாவை டி.என்.ஜி.யாகவோ சுருக்காத டிஃப்பாகவோ இரண்டு இடங்களில் வைக்கலாம். ஜேபெக் சுற்றுக்கு விடுவதற்கு. கூட்டம், ஊர்வலம், புத்தக வெளியீடு இவற்றுக்கு ஜேபெக் மட்டுமே தாராளமாகப் போதும். இடத்தை அடைக்க வேண்டியதில்லை. நாள், இடம், வெளிச்சம் விழுந்த திசை இவற்றைத் தனியே எழுதிவைக்க வேண்டும்.

வழக்காடும் தோழர்களுக்கு இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடுகிறது. “அனுப்பியாச்சு, டிலீட் பண்ணிட்டேன்” என்று சொல்லும்போது மூலமே போய்விட்டது என்று பொருள்.

சுருக்காமல் யாரும் பார்க்க முடியாது, எழுதவும் முடியாது. இந்தக் கட்டுரையுங்கூடச் சுருக்கந்தான். ஆனால் எதைப் பூஜ்யமாக்கினோம் என்று பின்னால் வருகிறவர் திரும்பப் போய்க் கேட்பதற்கான இடத்தை விட்டுவைப்பது நம் பொறுப்பு. கச்சாக் கோப்பின் பயன் அவ்வளவுதான், அது சாதாரணப் பயனல்ல.